உலகத்திலேயே வேகமான லாரி: சேலத்தில் ஒரு பென்ட்லி கான்டினென்டல் ஜிடி

பென்ட்லி வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் சேலத்தில் எல்லாரும் முதலில் கேட்பது “மைலேஜ் என்ன குடுக்குது?” என்பது. அடுத்தது “ஏற்காடு எத்தனை நிமிஷத்துல ஏறுது?” முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஊருக்குள் 4, பைபாஸில் 8, கால் கொஞ்சம் கனத்தால் அதுவும் கிடையாது. இரண்டாவது கேள்விதான் தப்பு. இந்த வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்வியே அது இல்லை.

எங்களுக்கு லாரித் தொழில். லீ பஜார் பக்கம் ஆபீஸ். அப்பா நடத்தியது, இப்போது நான் பார்க்கிறேன். ஜவ்வரிசி, ஸ்டார்ச் மாவு என்று வடக்கே போகிற லோடுகள்தான் பாதிக்கு மேல். அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் என் கண் முதலில் டயருக்குப் போகும், அப்புறம் பிரேக், அப்புறம் இழுவை. பெயிண்டும் பளபளப்பும் கடைசியில்தான். பென்ட்லியைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 1920-களில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்தக் கம்பெனியின் கார்கள் 1924-லும், பிறகு 1927 முதல் 1930 வரை தொடர்ந்தும் ஜெயித்தன. பிரான்ஸில் மெல்லிசான, எடை குறைந்த பந்தயக் கார்கள் செய்துகொண்டிருந்த எட்டோரே புகாட்டி, “உலகத்திலேயே வேகமான லாரிகள்” என்று இவற்றைக் கிண்டல் செய்தாராம். அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, லாரிக்காரர் வீட்டுப் பெண்ணான எனக்கு அது பாராட்டாகத்தான் படுகிறது. இந்தக் காரை ஓட்டிப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையும் இல்லை.

என்னுடையது 2013 மாடல், 8 சிலிண்டர் எஞ்சின். பெங்களூரில் ஒருவர் வைத்திருந்தது. இரண்டு புது இன்னோவா ஹைகிராஸ் வாங்குகிற காசு ஆனது. புதுசு என்றால் கோடிக்கணக்கில், அந்தப் பேச்சே வேண்டாம். கர்நாடக ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டு நம்பர் வாங்குவதற்குள் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரரோடு நல்ல பழக்கமாகிவிட்டது. அது எல்லா வெளிமாநில வண்டிக்கும் உள்ள கதைதான்.

சரி, வண்டிக்கு வருகிறேன். எடை 2295 கிலோ. அகலம் 1.94 மீட்டர், கண்ணாடிகளையும் சேர்த்தால் 2.2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டே கதவு, பின்னால் பேருக்கு இரண்டு சீட். எஞ்சின் 4 லிட்டர், இரண்டு டர்போ, 507 குதிரைத்திறன். நான் பார்ப்பது அந்த 507-ஐ இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணை. 660 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் எஞ்சின் நிமிஷத்துக்கு 1700 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதே. பந்தயக் கார் எஞ்சின் உச்சத்தில் கத்தும்போதுதான் பலம் காட்டும். இது அடியிலேயே காட்டுகிறது. லாரி எஞ்சினுக்கும் இதுதான் இலக்கணம்: முக்காமல் முனகாமல் இழுக்க வேண்டும். எங்களிடம் இருக்கும் ஆறு வீல் வண்டிகளுக்கே இவ்வளவு இழுவை கிடையாது. அவை 16 டன் இழுக்கின்றன, இது என்னையும் ஒரு பெட்டியையும் இழுக்கிறது. நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான்.

இந்த மாதிரிக் கார்களுக்கு ‘கிராண்ட் டூரர்’ என்று பெயர். அதாவது இரண்டு பேர், இரண்டு பேருக்கான மூட்டை முடிச்சு, ஒரே மூச்சில் நீண்ட தூரம், இறங்கும்போது உடம்பு வலிக்கக் கூடாது. 1952-ல் வந்த ஆர்-டைப் கான்டினென்டல் அப்படித்தான் செய்யப்பட்டது. நாலு பேரை வைத்துக்கொண்டு மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய கார், அந்தக் காலத்தில். 1998-ல் பென்ட்லி கம்பெனியை ஃபோக்ஸ்வாகன் வாங்கியது, 2003-ல் அதே பெயரை எடுத்து கான்டினென்டல் ஜிடி என்று விட்டது. என்னிடம் இருப்பது அதற்கடுத்த தலைமுறை. 2024-ல் வந்த தலைமுறை பேட்டரியும் சேர்ந்தது, அதில் ‘ஸ்பீட்’ மாடலுக்கு 782 குதிரைத்திறன். 12 சிலிண்டர் எஞ்சினை 2024-ல் நிறுத்தியே விட்டார்கள். அதற்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூக்கில் எடை குறைந்த 8 சிலிண்டரே மேல் என்பது என் கட்சி.

இந்த வண்டிக்கு என்று சேலத்தில் ஒரு ரோடு இருக்கிறது என்றால் அது கொண்டலாம்பட்டியில் தொடங்கிக் கோயம்புத்தூர் போகிற தேசிய நெடுஞ்சாலை 544 தான். விடியற்காலை கிளம்பினால் சங்ககிரி வரைக்கும் லாரிகள் மட்டும்தான் துணைக்கு. வைகுந்தம் டோல் தாண்டி 100-ல் வைத்தால் எட்டாவது கியரில் எஞ்சின் 1500 ஆர்பிஎம்மைத் தொடாது. கால் லேசாக இருந்தால் எட்டில் நாலு சிலிண்டரை அதுவே அணைத்துக்கொள்ளும். எப்போது அணைத்தது, எப்போது திரும்பப் பற்றவைத்தது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பிடிபடவில்லை. கண்ணாடி இரண்டு அடுக்கு. பக்கத்தில் ஏர் ஹாரன் அடித்தால் அடுத்த தெருவில் யாரோ அடித்த மாதிரி கேட்கும். முதலில் இது எனக்குப் பிடிக்கவில்லை. ஹாரனைக் கேட்டே பின்னால் வருவது பஸ்ஸா டேங்கரா என்று சொல்லி வளர்ந்தவள் நான். இதில் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

பவானி தாண்டுவதற்குள் புரிந்துவிடும், இந்தக் கார் காசு வாங்கிக்கொண்டு என்ன தருகிறது என்று. அலுப்பு இல்லாமை. அவ்வளவுதான். அவிநாசியில் இறங்கி நிமிர்ந்து நின்றால் இடுப்பில் கை வைக்கத் தோன்றாது. எங்கள் பழைய காரில் அதே தூரம் போனால் அன்றைக்கு மத்தியானம் யாரோடாவது சண்டை நிச்சயம். அவசரம் வரும்போது, அதாவது முன்னால் இரண்டு டாரஸ் லாரிகள் ஒன்றை ஒன்று முந்துகிறேன் என்று பந்தயம் நடத்தி முடித்து ஒதுங்கும்போது, மிதித்தால் 80-லிருந்து 100 என்பது ஒரு மூச்சுக்குள் நடந்துவிடும். அதற்கு மேல் போக இந்த ரோட்டில் சட்டத்தில் இடமும் இல்லை, தேவையும் இல்லை. 300-க்கு மேல் போகும் என்று கம்பெனி எழுதியிருப்பதை நான் கல்யாணப் பத்திரிகையில் படிப்புப் பட்டம் போடுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு விட்டுவிடுவேன்.

பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் இந்த வண்டியின் எடை ஞாபகம் வரும். முன் பிரேக் டிஸ்க் 405 மில்லிமீட்டர், ஆல்ட்டோ ரிம்முக்குள் நுழையவே நுழையாது. பிரேக் அருமைதான். ஆனாலும் லாரிப் பாடம் இங்கேயும் பொருந்தும்: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் துடுப்பைத் தட்டி மூன்றுக்குக் கொண்டுவந்துவிட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். என்னைப் பொறுத்தவரை என் வண்டியைப் பற்றி அங்கே பயமில்லை. பின்னால் இரும்பு ஏற்றிக்கொண்டு வருகிறவர் எந்த கியரில் வருகிறார் என்பதுதான் பயம்.

இனி ஏற்காடு. நண்பர்கள் எல்லாரும் “மலை ரோட்டுக்குன்னே செஞ்ச கார்” என்று சொல்கிறார்கள். ஓட்டிப் பார்க்காதவர்கள் சொல்கிற பேச்சு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் மேலிருந்து கவர்மென்ட் பஸ் வந்தால் ரோடு முழுக்க அதற்குத்தான் சொந்தம். பஸ் 2.6 மீட்டர், நான் 2.2. மீதி இருப்பதில் ஒரு பல்சர் பையன் புகுந்து வருவான். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது மலை ரோட்டுச் சட்டம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, பஸ் என் முன்னால் இருக்கிறது. மூக்கு நீளம், அதில் கனமான எஞ்சின். ஒடித்தால் ஒடியும், நாலு சக்கரமும் தள்ளுவதால் ஈர ரோட்டில்கூட வழுக்காது. ஆனால் ஒடித்து முடித்த உடனே அடுத்த வளைவு வந்துவிடுகிறது. 660 நியூட்டன் மீட்டரை வைத்துக்கொண்டு இரண்டாவது கியரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்விஃப்ட்காரர்கள் சந்தோஷமாக ஏறுவார்கள், நான் ஓரம் கட்டி வழி விடுவேன். வழி விட்டால் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

குரங்குகள் தனி அத்தியாயம். வளைவில் நிறுத்திப் பிஸ்கெட் போடுகிறவர்கள் புண்ணியத்தில், நின்ற வண்டி எதுவானாலும் அவற்றுக்குச் சாப்பாட்டு மேஜை. ஒன்று பானெட்டில் ஏறி உட்கார்ந்து, முன்னால் இருக்கும் இறக்கை வைத்த ‘பி’ எழுத்தைப் பல்லால் பரிசோதித்தது. அசையவில்லை. கட்டுமானத் தரத்துக்கு ஒரு மதிப்பெண்.

ஆனால் மேலே போய்விட்டால் கதை வேறு. ஏரியைத் தாண்டி, டவுன் நெரிசலைத் தாண்டி, நாகலூர் பக்கம் லூப் ரோட்டில் போனால் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சில்வர் ஓக் நிழல். மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. இந்தக் காரில் முன் ஜன்னலுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவே தூண் கிடையாது. நாலு கண்ணாடியையும் இறக்கினால் பக்கவாட்டு முழுக்கத் திறந்துவிடும், மேலே கூரை மட்டும் நிற்கும். கோடை மழை ஒன்று பெய்து, காப்பி பூத்திருக்கும் சமயத்தில் அப்படிப் போக வேண்டும். 30-ல் போனால் போதும். மல்லிகைக்குக் கொஞ்சம் பக்கத்தில், ஆனால் மல்லிகை அளவுக்குத் தலையைப் பிடிக்காத வாசனை. எஞ்சின் அந்த வேகத்தில் அடித்தொண்டையில் லேசாக உறுமிக்கொண்டிருக்கும், தொந்தரவு செய்யாது. மலை ஏறுவதற்கு இது கார் இல்லை. மலை மேல் இருப்பதற்கு நல்ல கார். கோடை விழாச் சமயத்தில் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இறங்குகிற வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்தக் குறுகல் ரோட்டில் இந்த அகலத்தை வைத்துக்கொண்டு நகர்வதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்.

மலை மேல் ஒரு ரிசார்ட். பெயர் வேண்டாம். வாசலில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவு. வாட்ச்மேன், “ஆடி காரெல்லாம் ஏறியிருக்குதுங்க மேடம், சும்மா வாங்க” என்று விசில் அடித்துக் கூப்பிட்டார். வண்டியை உயர்த்தும் பட்டனை அழுத்தித்தான் ஏறினேன். ஏர் சஸ்பென்ஷன், பட்டனைத் தட்டினால் உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். அப்படியும் முன் பம்பரின் கீழ் உதட்டில் “கர்ர்” என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் கையளவுக்குக் கீறல். வாட்ச்மேன் குனிந்து பார்த்து, “அது அடியிலதானுங்க, யாருக்குத் தெரியப் போவுது” என்றார். மேனேஜரிடம் சொன்னேன். இரவுச் சாப்பாட்டில் ஒரு கேரமல் கஸ்டர்டு இலவசமாக வந்தது.

உள்ளே உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். நிஜத் தோல், நிஜ மரம், நிஜ உலோகம். ஏசிக் காற்று வருகிற வட்டத் துளைகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஓர் உலோகக் குமிழ். இழுத்தால் காற்று, அழுத்தினால் நிற்கும். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர்கள் இழுக்கிற குமிழைப் பார்த்துச் செய்ததாம். மே மாத மத்தியானம் செவ்வாய்ப்பேட்டையில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் அந்தக் குமிழ் விரலைச் சுடும். பிளாஸ்டிக்காக இருந்தால் சுடாது. ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் அதே குமிழ் சில்லென்று ஆகி, அதை உருட்டிக்கொண்டே சிக்னலில் நிற்கலாம். எனக்கு இந்தக் காரில் ரொம்பப் பிடித்த சாமான் எஞ்சின் இல்லை, இந்தக் குமிழ்தான். பிடிக்காத சாமான் நடுவில் இருக்கும் திரை. 2013 சரக்கு 2013 மாதிரிதான் இருக்கும். போனில் இருக்கும் மேப் அதில் வராது. அதனால் அவ்வளவு நேர்த்தியான மரப் பலகைக்கு மேலே, ஐந்து ரோடு பக்கம் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் போன் ஸ்டாண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். முதல் தடவை கதவைத் திறந்துவிட்டதும் குனிந்து பார்த்து, “இதுக்குள்ள ஏறுறதா, எறங்குறதா?” என்றாள். கதவு நீளம் அதிகம். பக்கத்தில் இன்னொரு கார் நின்றால் பாதிதான் திறக்கும், அந்தச் சந்தில் புடவை கட்டியவர்கள் நுழைவது சர்க்கஸ். உட்கார்ந்த பிறகு அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. சீட் சூடாகும், மசாஜ் செய்யும் என்று காட்டினேன். “சேலத்துல எதுக்குடி சூடு?” என்று ஒன்றை அணைத்துவிட்டு, மசாஜை மட்டும் கோயம்புத்தூர் வரைக்கும் ஓடவிட்டாள். பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது. அண்ணன் பையன் உட்காருவான், முட்டியை மடக்கிக்கொண்டு, அதுவும் பெருமைக்காக. டிக்கி 358 லிட்டர், இரண்டு பேருக்குத் தாராளம். மாம்பழ சீசனில் ஒரு கூடை வைத்தால் தோல் வாசனை போய் மல்கோவா வாசனை வந்துவிடும், அது நல்லதுதான்.

செலவு. டயர் 275/40, 20 இஞ்ச். ஒன்றின் விலைக்கு லாரிக்கு ஒரு ஜோடி போடலாம், அதையும் தேய்ந்த பிறகு ரீட்ரெட் செய்து, அதாவது மேல் ரப்பரைப் புதுசாக ஒட்டி, இன்னும் ஓட்டலாம். இதில் தேய்ந்தால் குப்பைதான். ஊரில் ஒரு டயர் கடையில் கழற்றக் கொடுத்தேன். அவர்கள் மெஷினில் ஏற்றாமல் கடப்பாரையை எடுத்தார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அதற்குள் ரிம்மில் ஒரு கோடு விழுந்திருந்தது. இப்போது ரிம்மோடு கழற்றிக் கோயம்புத்தூர் அனுப்பிவிடுகிறேன். பெட்ரோல் 95 ஆக்டேன் போடுகிறேன். டேங்க் 90 லிட்டர், நிரப்பும்போது பங்க் பையன் மீட்டரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். முன் ஃபெண்டர் அலுமினியம். தகட்டை 500 டிகிரி வரைக்கும் சூடாக்கி, காற்றால் ஊதி அச்சில் படியவைத்துச் செய்வார்கள். அதனால்தான் அதில் இருக்கும் மடிப்புக் கோடு அவ்வளவு கூர்மையாக நிற்கிறது. இதே சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் காய்ச்சிய ஊர்தான் நம்முடையது. இருந்தும் இந்த ஃபெண்டரில் ஒரு நெளிவு விழுந்தால் எடுத்துத் தர நம்மூரில் ஆள் இல்லை. டிங்கர் அண்ணன் தொட்டுப் பார்த்து, “இது இரும்பு இல்ல, அடிச்சா கிழியும், என்கிட்ட வேண்டாம்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நேர்மையான மனுஷன்.

யாருக்கு இது வேண்டும்? வாரத்தில் ஒரு நாளாவது 544-லோ, பெங்களூர் போகிற 44-லோ நீண்ட தூரம் போகிறவர்களுக்கு. ஊருக்குள் சாரதா காலேஜ் ரோட்டில் மாலை நேரம் காட்டிக்கொள்வதற்கென்றால் வேண்டாம். வாரக்கணக்கில் சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும், சார்ஜர் மாட்டி வைக்க வேண்டும். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கிறவர்கள் தினமும் ஏறி இறங்கவா என்று கேட்டால், ஒரு மஹிந்திரா தார் ஜீப் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழையது பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எங்களிடம் அப்பா காலத்திலிருந்து இருக்கும் டிரைவர் ஒருவர், வண்டி வந்த அன்றைக்கு ஷெட்டில் தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். “ஏம் பாப்பா, இது ஸ்பிரிங்கு இல்ல, காத்துல நிக்குது. பஸ்ஸுக்குப் போடுற பலூன் மாதிரிதான். ரப்பருக்கு வயசாச்சுன்னா ராத்திரியில ஒரு மூலை உக்காந்துக்கும்” என்றார். மறுநாள் காலையில் நான் வருவதற்குள் டேப்பை வைத்து, நாலு சக்கரத்துக்கும் மேலே இருக்கும் இடைவெளியை அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தார். எனக்கு இன்னும் அந்தச் செலவு வரவில்லை. ஆனால் வந்தால் லேசான செலவாக இருக்காது. அதனால் விற்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சாயங்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ராத்திரி அவர் ஷெட்டிலேயே நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் டேப்போடு போய் நாலு மூலையையும் அளந்து பாருங்கள். ஸ்டார்ட் செய்துவிட்டால் கம்ப்ரஸர் தூக்கி நிறுத்திவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது.